மேப்பிளுக்கு வைத்த தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பூட்டு உண்டு. சிரிக்காதீர்கள். சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் இருக்கும் மூலைக்கு ஆசாரியை வைத்து ஒரு கதவு போட்டு, அதில் பூட்டு மாட்டி, சாவியை என் தாலிக்கொடியில் ஊக்கோடு கோத்து வைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜுக்கும் பூட்டு. மோர், பால், நறுக்கிய தர்பூசணி எல்லாம் அதற்குள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவே யோசிக்கிறார்கள். அப்படியே கேட்டாலும் சமையலறைக்குள் கூட்டிப்போய், நின்றபடி குடிக்கச் சொல்லி, டம்ளரைக் கையோடு வாங்கிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். கெட்ட பெயர்தான். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து தின்றுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முதல் தடவை டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். உள்ளே போகும் தண்ணீர் தானாக வெளியே வர இனி வழி கிடையாது, மெஷின் எடுத்தால்தான் உண்டு. நடுவில் அதிகமாகக் குடித்தால் முதலில் காலில் இறங்கும், அப்புறம் முகம் ஊதும், கடைசியில் நுரையீரலில் போய் நிற்கும். அங்கே நின்றுவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். காலையில் ஒரு சின்னப் பாட்டிலை நிரப்பி வையுங்கள், காபி, ரசம், மாத்திரை போடுகிற தண்ணீர் எல்லாமே அந்தப் பாட்டிலுக்குள் அடங்க வேண்டும் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது இவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மைசூர் அக்ரஹாரம் வட்டத்தைத் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஓட்டை அடைச்ச தொட்டியாட்டம் ஆயிப்போச்சு புள்ளே. ஊத்துனா நிக்கும். நின்னா வேரு அழுகிப்போவும்."

எதைப் பேசினாலும் தொட்டியில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் உயிரைப் பற்றிப் பேசுகிறார், இவர் மண்ணைப் பற்றிப் பேசுகிறாரே என்று அந்த ஆட்டோவிலேயே திட்டினேன். திட்டிவிட்டு அழுதேன்.

அந்தத் தொட்டிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தார். ஓய்வு பெற்ற வருடம் கூட வேலை பார்த்தவர்களோடு ஊட்டிக்குப் போனார். அங்கே ஒரு நர்சரியில் ஜப்பான் மேப்பிளைப் பார்த்திருக்கிறார். முழங்கால் உயரம்கூட இல்லாத மரம், தொட்டியில். இலை ஒவ்வொன்றும் பிறந்த குழந்தையின் விரித்த கை அளவு. இவர் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். "மைசூருக்கா சார்? வேண்டாம், செத்துப்போகும்" என்றிருக்கிறார் நர்சரிக்காரர். அந்த ஒரு வார்த்தை போதும் இவருக்கு. முடியாது என்று யாராவது சொன்னால்தான் கையே நீளும். காட்டுவழி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, மான் யானை எதையும் பார்க்காமல், வளைவுக்கு வளைவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அது செத்துப்போனது. ரோஜாவை வைக்கிற மாதிரி மாடி வெயிலில் வைத்தார், பங்குனி முடிவதற்குள் அப்பளமாகப் பொரிந்துவிட்டது. இரண்டாவது ஒன்று வந்தது. அதற்கு நான் அரிசி கழுவின தண்ணீரும் சாணித் தண்ணீரும் பாசமாக ஊற்றினேன். அது வேர் அழுகிப் போனது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது. அதற்குள் இவர் மேப்பிளின் குணத்தை ஓரளவு படித்துவிட்டார். கொல்லைப்பக்கம் கிழக்குப் பார்த்த சுவரோரம், தகரக் கூரைக்குக் கீழே இடம். காலை வெயில் மட்டும் படும், மழை நேராக விழாது. மண் என்று பெயருக்குத்தான், பாதிக்குமேல் உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் ஆற்று மணலும். தொட்டியின் அடி ஓட்டையைக் குச்சி விட்டுக் குத்திப் பார்ப்பார். பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் இலையைப் பார்த்துவிட்டு, இது கஞ்சாச் செடி, இவர்கள் கஞ்சா விளைகிற ஹனூர் காட்டுப் பக்கத்து ஆட்கள் அல்லவா என்று கிசுகிசுத்ததும், இவர் அவரைக் கூட்டிவந்து முழுதாக ஒரு வகுப்பு எடுத்து அனுப்பியதும் தனிக் கூத்து.

மைசூர் குளிர் அந்த மரத்துக்குப் போதாது. குளிர் பட்டால்தான் அது இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். இங்கே தூங்கத் தெரியாமல் விழித்துக்கொண்டே இருந்து ஓய்ந்துபோகுமாம். அதனால் மார்கழியில் இவரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளுவார். "தூங்க வெக்கிறேன், சத்தம் போடாதே" என்பார். வீட்டில் இரண்டே பேர், பிள்ளை குட்டி இல்லை, யார் சத்தம் போடுவது?

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் லேஅவுட்டுக்கு போர் தண்ணீர். வாளியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படியும், வாயில் வைத்தால் கரிக்கும், குடித்தால் தாகம் இரட்டிப்பாகும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் மேப்பிள் இலையின் விரல் நுனிகள் கருகும். தீக்குச்சி பட்ட மாதிரி, ஒவ்வொரு நுனியும் தனித்தனியாக. அதனால் குடிக்கிற தண்ணீர்தான் அதற்கும். நீண்ட மூக்கு வைத்த ஒரு பச்சைப் பூவாளி அதற்கென்றே உண்டு. காலையில் ஆர்.ஓ. மெஷினிலிருந்து அதை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

எவ்வளவு ஊற்றுவது என்று இவர்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். "மேல் மண்ணு பொய் சொல்லும் புள்ளே. ஈரமாட்டமே இருக்கும், உள்ளே காய்ஞ்சு கெடக்கும். தொட்டிய ஒரு பக்கமாத் தூக்கிப் பாரு. பாரம் பொய் சொல்லாது." டயாலிசிஸ் ஆரம்பித்தபின் இந்தப் பேச்சு எங்களுக்கு வேறு விதமாகத் திரும்பி வந்தது. அங்கே போனதும் முதலில் எடை மெஷினில்தான் ஏற்றுவார்கள். போன தடவையைவிட எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் குடித்த தண்ணீர். மெஷினைக் கவனிக்கிற பெண், கன்னடத்துப் பிள்ளை, இவர் கால் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினாள். எடுத்ததும் பள்ளம் உடனே மேலே வந்தால் நல்லது, குழியாகவே நின்றால் உள்ளே தண்ணீர் என்றாள். "என்னையும் ஒரு பக்கமாத் தூக்கிப் பாக்கறாங்க" என்று இவர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாகம் என்றால் என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது, இப்போதும் பாதிதான் தெரியும். முதல் சில வாரம் சமாளித்தார். ஏலக்காய் மெல்வார், ஒரு துண்டு ஐஸை வாயில் அதக்கிக்கொண்டு மத்தியானத்தை ஓட்டுவார். அப்புறம் நான் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட அவருக்கு ஆகவில்லை. "குழாயச் சின்னதா தொற" என்று கத்துவார். டி.வி.யில் கே.ஆர்.எஸ். அணை நிரம்பியதைக் காட்டினார்கள், எழுந்துபோய் அணைத்துவிட்டார். ரசம் ஊற்றவில்லை என்று ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டுப் போனார். நானும் விடவில்லை. ஏனுங்க, இப்போ நான் பாவம் பார்த்தேன்னா அப்புறம் எனக்குப் பாவம் பார்க்க யாருங்க இருக்காங்க என்று நின்று சண்டை போட்டேன். பாவமாகத்தான் இருந்தது. அந்த உதட்டைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும்.

அதனால் அவர் பூவாளியோடு மரத்தடியில் நிற்பது எனக்கு ஒரு ஆறுதல். நான் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறேன். காலையில் பூவாளியை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் திரும்பச் சாயங்காலம் ஆகும். கிளம்பும்போது திரும்பிப் பார்ப்பேன், தொட்டிப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தனக்குக் குடிக்க வழியில்லாவிட்டாலும் அதற்காவது ஊற்றுகிறாரே, மனசு ஆறட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாசியில் மேப்பிள் சிவந்தது.

முதலில் ஓரங்களில்தான். அப்புறம் இலைக்கு இலை பரவி, ஒரு பக்கக் கிளை முழுக்கக் குங்குமம் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் இங்கே அது இப்படி நிறம் மாறி நான் பார்த்ததில்லை, மஞ்சளும் பழுப்புமாக ஒப்புக்கு மாறும், அவ்வளவுதான். எனக்கு ஒரே பூரிப்பு. "ஏனுங்க, உங்க மரத்துக்குக் குளுரு வந்துட்டுதுங்களா?" என்று கேட்டேன். அப்போது நான் விசிறிக்குக் கீழே நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தேன். "சில சமயம் செவக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மரத்தைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிற மனுஷன்.

அதே நாட்களில்தான் எடை ஏற ஆரம்பித்தது. டயாலிசிஸ் பெண் முதல் தடவை லேசாகச் சொன்னாள், அடுத்த தடவை என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆன்ட்டி, அங்கிள் நீரு ஜாஸ்தி குடிதித்தாரே" என்றாள். அதிகமாகக் குடிக்கிறார் என்று. எங்கே குடிப்பார்? பூட்டு பூட்டினபடி இருக்கிறது, சாவி என் கழுத்தில். ஊறுகாய் ஜாடியைத் தூக்கி எறிந்தேன், உப்பைப் பாதியாகக் குறைத்தேன். குளியலறையில் போர் தண்ணீர் குடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கச் சொன்னேன். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாதான் நான் இல்லாத நேரம் மோர் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டி, நேராக அவள் வாசலில் போய் நின்று கேட்டும் விட்டேன். இவரோ எதையும் காதில் வாங்காதவர்போல இருந்தார். கணுக்கால் தெரியாமல் வேட்டியை இறக்கிக் கட்டத் தொடங்கியிருந்தார், அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

தசரா வந்தது. எங்கள் பக்கத்தில் கொலு வைக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் மைசூரில் இத்தனை வருடம் இருந்துவிட்டு வைக்காமல் இருந்தால் எப்படி என்று நான் வைக்க ஆரம்பித்து அது நிலைத்துவிட்டது. மேல்படியில் மரத்தில் செய்த ராஜா ராணி, கீழே செட்டியார், யானை, அம்பாரி எல்லாம். இந்த வருடம் நடுநாயகமாகச் சிவந்த மேப்பிளை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. இவர் வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன், இருட்டு ஹாலில் அதற்கு மூச்சு முட்டும் என்று முன்னால் ஒருமுறை சொன்னவர். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. நான் தூக்கப் போனபோது மட்டும் வேகமாக வந்து தடுத்தார்.

"நீ தூக்காதே, இடுப்பு புடிச்சுக்கும்." தானே தூக்கி வந்து வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

சீரியல் லைட்டைச் சுற்றிவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் ராஜா ராணியை விட்டுவிட்டு மரத்தைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, பாவம், மோர்ச் சண்டையை மனதில் வைக்காமல் வந்தாள். "அய்யோ, எஷ்டு சென்னாகிதேரீ, எவ்வளவு அழகு! இனிமே ஊட்டிக்குப் போற வேலையே இல்ல போங்க!" என்று கன்னத்தில் கை வைத்தாள். நான் பெருமையாக இவரைக் காட்டினேன். எல்லோரும் இவரைப் புகழ்ந்தார்கள். ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று வீட்டில் இருக்கிற கருவி ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர், இவருடைய கத்தரிகள், பச்சைப் பூவாளி. அப்படியே தொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்று அதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பப் பிடித்தேன். கையோடு வந்துவிட்டது.

தொட்டி லேசாக இருந்தது. காலித் தொட்டியாட்டம். விரலை மண்ணுக்குள் விட்டேன், கணு முங்கும்வரை ஈரமே இல்லை, செங்கல் தூள்தான் விரலோடு வந்தது. இலையைத் தொட்டேன், நொறுங்கி ராணியின் தலையில் உதிர்ந்தது. மேலே மட்டும் மண் லேசாக நனைந்திருந்தது, கண்ணுக்குக் காட்டுவதற்கு. காலையில்தான் பூவாளியை வாய்வரை நிரப்பிக் கொடுத்திருந்தேன். அது இதோ காலியாக, குங்குமப் பொட்டோடு நிற்கிறது. தினம் தினம் நிரப்பிக் கொடுத்தது எல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் கொல்லைப்பக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எங்கீங்க?"

"ஊத்தியாச்சே."

"எங்க ஊத்துனீங்க?"

நான் பூவாளியை அவர் முன்னால் தரையில் வைத்தேன். அதைப் பார்த்தார். அப்புறம், சின்னப் பையன் மாட்டிக்கொண்ட குரலில் சொன்னார்: "எச்சில் பண்ணலை புள்ளே. அண்ணாந்துதான் குடிச்சேன். மரத்துத் தண்ணி, எச்சில் பண்ணக் கூடாதுன்னு."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. "அட கெரகமே! எச்சில்தான் இப்போ உங்களுக்குக் கவலையா? செத்துப்போவீங்கன்னு தெரியாதா? அதுவும் செத்து நீங்களும் சாகறதுக்கா நான் தெனமும் ரொப்பிக் குடுத்தேன்?" என்று கத்தினேன். பூஜை நாள் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல ஒரு வாய்தான் குடிச்சேன். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது புள்ளே, பேச்சு வரமாட்டேங்குது. அப்பறம் அதுக்குப் பாதி எனக்குப் பாதின்னு வெச்சேன். அப்பறம்..." கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்தார். "செவக்க ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரியும், தாகத்துலதான் செவக்குதுன்னு. எல்லாரும் நல்லாயிருக்குது நல்லாயிருக்குதுங்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அவர் கணுக்காலை அப்போதுதான் பார்த்தேன். கணுவே இல்லை.

மறுநாள் மத்தியானம் மூச்சு திணற ஆரம்பித்தது. படுக்க முடியவில்லை, சாய முடியவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி காற்றை விழுங்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். அன்று ஜம்பு சவாரி. யானை ஊர்வலத்துக்காக ஊர் முழுக்கத் தடுப்பு. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள், பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் ஆட்டோவைப் பிடித்து வந்தான். எந்தத் தெருவில் திரும்பினாலும் கட்டை கட்டியிருந்தது. பீப்பி வாங்கிய பிள்ளைகள், தோளில் குழந்தையைத் தூக்கிய அப்பன்கள், ஜனம் ஜனமாக எங்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருந்தார்கள். தூரத்தில் மேளம் கேட்டது. இவர் என் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார், உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் ஆட்டோவிலிருந்து பாதி இறங்கி நின்று, ஒரு போலீஸ்காரரைப் பார்த்து எந்த மொழியில் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவர் எட்டிப் பார்த்தார், கட்டையைத் தூக்கிவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். அவசர டயாலிசிஸ், ஆக்ஸிஜன், ஐ.சி.யூ. வெளியே வந்த டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் எதுவும் சொல்ல முடியாதம்மா" என்றார். அந்த வார்த்தையை நான் இன்னும் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதலில் மரத்தைத்தான் கேட்டார். நான் ஏற்கெனவே அதைத் தொட்டியோடு ஒரு டப்பில் நல்ல தண்ணீரில் முக்கி வைத்திருந்தேன். முக்கியபோது மண்ணுக்குள்ளிருந்து குபுகுபுவென்று காற்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஐ.சி.யூ.வில் ஆக்ஸிஜன் பாட்டில் குமிழியிட்ட சத்தம் ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன். இவர் நகத்தால் கிளைப் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இல்லை. ஊரே பார்த்து அதிசயித்த அந்தச் சிவப்புப் பக்கம் முழுக்கப் பழுப்பு. மறுபக்கம் பச்சை. செத்த பக்கத்தை அவரே வெட்டினார், கத்தரியை அழுத்தத் தெம்பில்லாமல் இரண்டு கையாலும்.

அதன்பின் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் வீட்டில் இருக்கும்போதுதான் மரத்துக்குத் தண்ணீர். பூவாளியிலிருந்து ஒரு வாய் எடுத்து அவர் வாய் முழுக்க வைத்துக்கொள்ளலாம், கொப்பளிக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், ஆனால் விழுங்காமல் தொட்டியில் துப்பிவிட வேண்டும். துளசிக்கு எச்சில் கை பட்டாலே குளித்துவிட்டு வா என்கிறவள் நான். மேப்பிளுக்கு எச்சில் தண்ணீர் ஊற்றுகிறோமே என்று அவருக்கும் சங்கடம். "அது ஜப்பான்காரச் சாதிங்க, அதுக்கு எச்சில் பத்து எல்லாம் தெரியாது, துப்புங்க" என்று கிண்டல் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, அந்த ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு நிற்பார். துப்பும்போது ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டையைத்தான் பார்ப்பேன், மேலே கீழே அசைகிறதா என்று. அசையவில்லை. எடை சரியாக நின்றது. மார்கழியில் மிச்சமிருந்த இலைகளைக் கிள்ளித் தூங்க வைத்தார். மாசியில் பச்சைப் பக்கத்தில் சிவப்பு முனைகள் எழும்பி, சின்னச் சின்னக் கைகளாக விரிந்தன. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம், நான் அன்று கேசரி கிளறினேன்.

ஆனால் வெயில் வந்துவிட்டது. இந்த வருட வெயிலைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை, மைசூரா இது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பங்குனியில் மேப்பிளுக்கு மத்தியானமும் ஒரு முறை ஊற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் தொங்கிவிடும். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். லீவு எல்லாம் ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்கிறேன் என்றால், "அவ கையால ஊத்துனா செத்துப்போவும், நான் இருக்கறப்ப எதுக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கடைசியில் பூவாளியில் மத்தியானத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய்த் தொட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்ப்பேன். நான் பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரியும். தினமும் பாரம் சரியாக இருந்தது.

இன்று திங்கட்கிழமை. வந்ததும் தூக்கினேன். நல்ல பாரம். அப்பாடா என்று வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சாயங்கால வெளிச்சத்தில் இலை கண்ணில் பட்டது. புது இலையின் விரல் நுனிகள் கருகியிருந்தன. தீக்குச்சி பட்ட மாதிரி, ஒவ்வொரு நுனியும் தனித்தனியாக. இன்னொரு இலை, அதற்குப் பக்கத்து இலை, எல்லாம் அப்படியே. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு. கொல்லைக் குழாயின் அடியில் தரை இன்னும் காயவில்லை. பூவாளி காலி.

போர் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிப் பாரத்தைச் சரி பண்ணிவிட்டு, நல்ல தண்ணீரை அவர் குடித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. இலை கருக நாலைந்து நாளாவது ஆகும்.

"பாரம் சரியா இருக்குதா புள்ளே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இடையில் ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டுத்தான் அந்தக் கேள்வியை முடித்தார்.

வாய்வரை வந்துவிட்டது கத்தல். என் ஆயுசில் இப்படி ஒன்றை நான் அடக்கியது கிடையாது. ஆனால் பயமாக இருந்தது. நான் கத்தினால் இலை நுனியும் எனக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்துபோகும். அப்புறம் மரமும் எனக்குச் சொல்ல முடியாத ஒரு வழியைக் கண்டுபிடிப்பார். முடியாது என்று சொன்னால்தான் கை நீளுகிற மனுஷன்.

"இருக்குதுங்க" என்றேன்.

உள்ளே போய், கால் பிடித்துவிடுகிறேன் என்று சொல்லி அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "இதென்ன புதுசா?" என்று சிரித்தார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்தேன். குழி குழியாகவே நின்றது.